உடம்புக்குள் ஒரு தாளம்! 300 கோடி எழுத்தைக் கணக்கு போட்டுப் படிக்கிறார்கள்

ஒரு புத்தகம். அதில் 300 கோடி எழுத்துகள். ஆனால் ஒரு புள்ளி கிடையாது. ஒரு இடைவெளி கிடையாது. அத்தியாயம் இல்லை. தலைப்பும் இல்லை. முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை எழுத்துகள் வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கின்றன.

அதுவும் எத்தனை விதமான எழுத்துகள்? நாலே நாலு!

இந்தப் புத்தகத்தை உங்கள் கையில் கொடுத்து, "இதில் அர்த்தம் உள்ள வாக்கியம் எங்கே இருக்கிறது? கண்டுபிடியுங்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? தலை சுற்றும் அல்லவா?

விநாடிக்கு ஒரு எழுத்து வீதம், இரவு பகல் தூங்காமல் படித்தாலும், படித்து முடிக்க 95 வருஷம் ஆகும்!

இது கற்பனைப் புத்தகம் என்று எண்ணாதீர்கள். இது உங்கள் உடம்பிலேயே இருக்கிறது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இருக்கும் குழந்தையின் உடம்பிலும் இருக்கிறது. அதன் பெயர் டி.என்.ஏ.

இந்தப் புத்தகத்தைப் படிக்க விஞ்ஞானிகள் பூதக் கண்ணாடியை மட்டும் நம்பி இருக்கவில்லை. அவர்கள் கையில் எடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? பள்ளிக்கூடத்தில் பல பிள்ளைகள் பார்த்துப் பயப்படுகிறார்களே, அந்தக் கணக்குதான்!

நாலு எழுத்து

நம் உடம்பு கோடானு கோடி உயிரணுக்களால் ஆனது. ஓர் உயிரணு கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு சிறியது. அப்படிப்பட்ட உயிரணுவுக்குள் சுருட்டி வைக்கப்பட்டு இருக்கும் டி.என்.ஏ. இழைகளைப் பிரித்து, ஒன்றோடு ஒன்று சேர்த்து நீட்டினால் சுமார் 2 மீட்டர் நீளம் வரும். ஓர் ஆள் உயரத்தைவிட அதிகம்!

இந்த இழையில் நாலு வகை ரசாயனப் பொருள்கள் மணி கோத்தது போல் வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்கு ஏ, சி, ஜி, டி என்று பெயர் வைத்து இருக்கிறார்கள். இவைதான் அந்த நாலு எழுத்து.

தாயிடம் இருந்து ஒரு புத்தகம், தந்தையிடம் இருந்து ஒரு புத்தகம் என்று இரண்டு பிரதிகள் நமக்குக் கிடைக்கின்றன. மூக்கு அம்மாவைப் போலவும், முடி அப்பாவைப் போலவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்த எழுத்துகளை எல்லாம் வரிசையாகப் படித்து எழுதும் பெரிய வேலை 1990-ல் தொடங்கியது. பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து வேலை செய்தார்கள். 2003-ல் அந்தத் திட்டம் முடிந்தது. அப்போதும் சில இடங்களைப் படிக்க முடியவில்லை. ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் இடங்கள் அவை. அந்த இடங்களையும் படித்து முடித்து 2022-ல் வெளியிட்டார்கள்.

எழுத்துகள் கிடைத்துவிட்டன. சரி, அர்த்தம்?

அங்கேதான் சங்கடம். உடம்புக்கு வேண்டிய புரதங்களைச் செய்யும் கட்டளைகள் இந்தப் புத்தகத்தில் 100-ல் 1 அல்லது 2 பங்கு இடத்தில்தான் இருக்கின்றன. சுமார் 20 ஆயிரம் கட்டளைகள். அவையும் துண்டு துண்டாக இருக்கின்றன. வைக்கோல்போரில் ஊசி விழுந்த கதைதான்!

மூன்று மூன்றாகப் படிக்கும் யந்திரம்

ஊசியைத் தேடுவதற்கு ஒரு துப்பு கிடைத்தது.

உயிரணுவுக்குள் ரைபோசோம் என்ற ஒரு மிகச் சிறிய யந்திரம் இருக்கிறது. டி.என்.ஏ.யில் உள்ள கட்டளையின் நகல் அதனிடம் வரும். அந்த நகலை அது மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். மூன்று எழுத்து படித்ததும் ஒரு பொருளை எடுத்து வைக்கும். அடுத்த மூன்று எழுத்து படித்ததும் இன்னொரு பொருளை எடுத்து அதனுடன் கோக்கும். இப்படிக் கோத்துக் கோத்து ஒரு புரதம் தயாராகிவிடும்.

எந்த மூன்று எழுத்துக்கு எந்தப் பொருள் என்று கண்டுபிடித்தவர்களுக்கு 1968-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஒருவர், இந்தியாவில் பிறந்து படித்த ஹர் கோவிந்த் கொரானா.

ரைபோசோம் யந்திரத்தின் வடிவத்தைக் கண்டு சொன்ன மூவருக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஒருவர் வெங்கி ராமகிருஷ்ணன். 1952-ல் நம் சிதம்பரத்தில் பிறந்தவர்!

யந்திரம் மூன்று மூன்றாகப் படிக்கிறது. அப்படியானால், கட்டளை உள்ள இடத்தில் எழுத்துகளும் மூன்றுக்கு ஒரு முறை ஏதாவது ஒரு ஒழுங்கில் வர வேண்டும் அல்லவா? கட்டளை இல்லாத இடத்தில் அந்த ஒழுங்கு இருக்காது அல்லவா?

இந்த யோசனைதான் கணக்குக்குக் கதவைத் திறந்துவிட்டது.

தையல்காரர் மகன்

இந்த ஒழுங்கைக் கண்டுபிடிக்க உதவும் கணக்கைத் தந்தவர், டி.என்.ஏ. என்ற பேரையே கேள்விப்படாதவர். 200 வருஷத்துக்கு முன் வாழ்ந்தவர்.

அவர் பெயர் பூரியர். பிரான்ஸ் நாட்டுக்காரர். 1768-ல் ஒரு தையல்காரரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். அனாதையாக நின்ற அந்தப் பையனைக் கணக்கு கைதூக்கிவிட்டது. பின்னர் நெப்போலியன் 1798-ல் எகிப்துக்குப் படை எடுத்துப் போனபோது அவனுடன் சென்ற அறிஞர் கூட்டத்தில் பூரியரும் ஒருவராக இருந்தார்.

உஷ்ணம் எப்படிப் பரவுகிறது என்று அவர் ஆராய்ந்தார். 1822-ல் புத்தகம் வெளியிட்டார். அதில் அவர் சொன்ன சங்கதி இதுதான்:

எவ்வளவு சிக்கலான அலையாக இருந்தாலும் சரி, அது பல எளிய அலைகள் ஒன்றாகக் கலந்ததுதான். எந்தெந்த அலை எவ்வளவு கலந்து இருக்கிறது என்பதைக் கணக்கு போட்டுப் பிரித்துவிடலாம்.

கோவில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். நாதசுவரம், தவில், மணி ஓசை, வாணவெடி, ஜனங்களின் கூச்சல் எல்லாம் ஒன்றாகக் காதில் விழுகின்றன. ஆனாலும் தவில் தனியாகக் கேட்கிறது. மணி தனியாகக் கேட்கிறது. நம் காது பிரித்துக் கொடுக்கிறது. பூரியரின் கணக்கும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

உடம்பின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. யந்திரம் இந்தக் கணக்கைக் கொண்டுதான் படம் வரைகிறது. 1953-ல் வாட்சன், கிரிக் என்ற இருவர் டி.என்.ஏ. முறுக்கிய ஏணி போல் இருக்கிறது என்று கண்டு சொன்னார்கள். அதற்குத் துணையாக இருந்தது ரோசலிண்ட் பிராங்க்ளின் என்ற பெண் விஞ்ஞானியின் எக்ஸ்ரே ஆராய்ச்சி. எக்ஸ்ரே படத்தில் விழுந்த புள்ளிகளுக்கு அர்த்தம் சொல்ல உதவியதும் பூரியரின் கணக்கே.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

"எழுத்துக்கும் அலைக்கும் என்ன சம்பந்தம்? எழுத்தை எப்படிக் கணக்கு போடுவது?" என்று கேட்பீர்கள்.

ஒரு சின்ன தந்திரம். ஜி வரும் இடத்தில் எல்லாம் 1 போடுங்கள். மற்ற எழுத்து வரும் இடத்தில் 0 போடுங்கள். எழுத்து எண்ணாக மாறிவிட்டது!

ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் கூப்பிடுங்கள்.

இதோ ஒன்பது எழுத்து: ஜி, ஏ, சி, ஜி, டி, ஏ, ஜி, சி, டி.

இது 1, 0, 0, 1, 0, 0, 1, 0, 0 என்று ஆகும்.

இதை வரிக்கு மூன்றாக, மூன்று வரியாக எழுதுங்கள். 100, 100, 100 என்று வரும். இப்போது மேலிருந்து கீழாகக் கூட்டுங்கள். விடை: 3, 0, 0. ஜி எல்லாம் முதல் இடத்திலேயே குவிந்துவிட்டது!

இன்னொரு ஒன்பது எழுத்து: டி, ஜி, ஏ, ஏ, சி, ஜி, ஜி, டி, சி.

இதில் 010, 001, 100 என்று மூன்று வரி வரும். மேலிருந்து கீழாகக் கூட்டினால் 1, 1, 1. எங்கும் குவியவில்லை. சமமாகப் பரவிவிட்டது.

நன்றாகக் கவனியுங்கள். இரண்டிலும் எழுத்துகள் ஒன்றுதான். மூன்று ஜி, இரண்டு ஏ, இரண்டு சி, இரண்டு டி. எண்ணிக்கையில் வித்தியாசமே இல்லை. வரிசையில்தான் வித்தியாசம். முதல் வரிசையில் தாளம் இருக்கிறது. இரண்டாவதில் இல்லை.

விஞ்ஞானிகள் செய்வதும் இதைப் போன்றதுதான். ஏ, சி, ஜி, டி நாலுக்கும் தனித்தனியே 1, 0 போடுகிறார்கள். சில நூறு எழுத்துகளை ஒரே சமயத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு எழுத்துக்கு ஒரு முறை, மூன்று எழுத்துக்கு ஒரு முறை, நாலு எழுத்துக்கு ஒரு முறை என்று எல்லாத் தாளங்களையும் கம்ப்யூட்டர் சோதித்துப் பார்க்கிறது. பிறகு கொஞ்சம் நகர்ந்து அடுத்த சில நூறு எழுத்துகளைப் பார்க்கிறது. ரேடியோவில் முள்ளைத் திருகிக்கொண்டே போகும்போது ஓர் இடத்தில் பாட்டு கேட்கும் அல்லவா? அது போலத்தான்!

தகிட, தகிட!

முடிவு என்ன? புரதக் கட்டளை உள்ள இடத்தில் மூன்றின் தாளம் கேட்டது! தகிட, தகிட, தகிட என்று திஸ்ர நடை!

உண்மையான டி.என்.ஏ.யில் நம் உதாரணம் போல் ஜி முழுவதும் முதல் இடத்தில் வந்துவிடாது. ஆனால் ஒவ்வோர் எழுத்தும் மூன்று இடங்களில் ஏதோ ஒன்றில் சற்று அதிகமாக வரும். நூற்றுக்கணக்கான எழுத்துகளைச் சேர்த்துக் கூட்டும்போது அந்தச் "சற்று" பெரிதாகத் தெரியும்.

இந்தத் தாளத்தைக் கொண்டு கட்டளைகளைத் தேடும் ஒரு முறையை, தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராமகிருஷ்ண ராமசாமி உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் வெளியிட்டார்கள். நம் நாட்டுக்குப் பெருமை தரும் செய்தி.

ஆனால் மனிதனுடைய டி.என்.ஏ.யில் ஒரு கஷ்டம் இருக்கிறது. கிருமிகளின் டி.என்.ஏ.யில் ஒரு கட்டளை நீளமாக, பெரும்பாலும் துண்டாகாமல் இருக்கும். தாளம் பளிச்சென்று கேட்கும். மனிதனிடம் ஒரு கட்டளை பல துண்டாகக் கிடக்கிறது. ஒரு துண்டுக்கு ஏறக்குறைய 150 எழுத்துதான். நடுவில் ஆயிரக்கணக்கில் வேறு எழுத்துகள். தவில்காரர் இரண்டு அடி அடித்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருந்தால் என்ன தாளம் என்று எப்படிச் சொல்வது? ஆகையால் இந்தக் கணக்கு ஒன்றை மட்டும் நம்பாமல், வேறு பல முறைகளையும் சேர்த்தே இன்று ஆராய்கிறார்கள்.

மூன்றின் தாளம் மட்டும் அல்ல. வேறு தாளங்களும் இருக்கின்றன. டி.என்.ஏ. இழை, நூல்கண்டில் நூல் போல, சிறு புரத உருண்டைகளில் சுற்றப்பட்டு இருக்கிறது. ஓர் உருண்டைக்கு 147 எழுத்து. சுற்றுவதற்கு வசதியாக இழை வளைய வேண்டும். அதற்கு உதவும் எழுத்துகள் சுமார் 10 எழுத்துக்கு ஒரு முறை வருவதை 1980-லேயே கண்டார்கள். 171 எழுத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும் வரியும் உண்டு. 300 எழுத்து கொண்ட ஒரு துண்டு, நம் டி.என்.ஏ.யில் 10 லட்சம் தடவைக்கு மேல் வருகிறது!

கலைத்துப் பார்!

கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் இங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது.

மேகத்தைப் பார்த்தால் யானை தெரியும், குதிரை தெரியும். 300 கோடி எழுத்துகளை வைத்துக்கொண்டு தேடினால், நினைத்தது எல்லாம் தெரியும்! தெரிவது எல்லாம் உண்மையா?

1994-ல் இப்படி ஒரு விவகாரம் நடந்தது. புரதக் கட்டளை இல்லாத டி.என்.ஏ. பகுதியில் மனிதர் பேசும் மொழியைப் போன்ற தன்மை தெரிகிறது என்று அமெரிக்காவில் சில விஞ்ஞானிகள் எழுதினார்கள். பரபரப்பு ஏற்பட்டது. இரண்டொரு வருஷத்தில் வேறு விஞ்ஞானிகள் மறுத்தார்கள். மொழியே இல்லாத இடத்திலும் இந்தக் கணக்கு இப்படியே வரும் என்று எடுத்துக் காட்டினார்கள்.

இதற்காகத்தான் நல்ல ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரீட்சை வைத்து இருக்கிறார்கள். எழுத்துகளைச் சீட்டுக்கட்டு போல் கலைத்துப் போடுவார்கள். மறுபடியும் கணக்கு போடுவார்கள். கலைத்த பிறகும் அதே தாளம் கேட்டால், அது டி.என்.ஏ.யின் தாளம் அல்ல. நம் காதின் கோளாறு! கலைத்ததும் தாளம் மறைந்தால், அங்கே ஏதோ விஷயம் இருக்கிறது என்று மேலே ஆராய்வார்கள்.

நாம் மேலே ஒன்பது எழுத்தைக் கலைத்துப் பார்த்தோமே, அதுவும் இந்தப் பரீட்சைதான்.

எண்ணிக்கை கூடினால்...

"தாளம் கேட்டு என்ன பிரயோஜனம்? சாப்பாடு போடுமா?" என்று சிலர் கேட்கலாம். ஒரு குடும்பத்தின் கதையைக் கேளுங்கள்.

ஹன்டிங்டன் நோய் என்று ஒரு கொடிய வியாதி. 1872-ல் ஒரு அமெரிக்க டாக்டர் இதைப் பற்றி விவரமாக எழுதினார். பெரும்பாலும் நடுத்தர வயதில் வரும். கையும் காலும் தாமாக ஆடும். நினைவு தடுமாறும். குணம் மாறும். தாய்க்கோ தந்தைக்கோ இந்த நோய் இருந்தால், பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

அமெரிக்காவில் நான்சி வெக்ஸ்லர் என்ற பெண்ணின் தாயாருக்கு இந்த நோய் வந்தது. தனக்கும் வரலாம் என்று தெரிந்த அந்தப் பெண் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. தென் அமெரிக்காவில் வெனிசுலா நாட்டுக்குப் போனார். அங்கே மரக்காய்போ ஏரிக்கரையில் இந்த நோய் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பங்கள் இருந்தன. ஆண்டுதோறும் அங்கே சென்று, ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தைத் தம் குழுவுடன் சேகரித்தார். அதன் உதவியால் 1983-ல் நோயின் இருப்பிடம் தெரிந்தது. 1993-ல் காரணமே பிடிபட்டது.

காரணம் என்ன? மூன்று எழுத்து! சி, ஏ, ஜி என்ற மூன்று எழுத்து ஓர் இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. எல்லோருக்கும்தான் வருகிறது. 26 தடவை வரை வந்தால் குற்றம் இல்லை. 40 தடவைக்கு மேல் வந்தால் நோய் வருகிறது. வெறும் எண்ணிக்கை வித்தியாசம்!

திரும்பத் திரும்ப வருவதைத் தேடி எண்ணுவது கணக்கின் வேலை. அந்தக் கணக்கில் ஒரு குடும்பத்தின் கண்ணீர் அடங்கி இருக்கிறது.

தலை எழுத்து அல்ல

இதைப் படித்ததும், "எல்லாம் டி.என்.ஏ.யில் எழுதி இருக்கிறது, நம் கையில் ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது தவறு.

ஹன்டிங்டன் நோயிலேயே 36 முதல் 39 தடவை வரை இருப்பவர்களில் சிலருக்கு நோய் வருகிறது, சிலருக்கு வருவதில்லை. நோய் எந்த வயதில் தொடங்கும் என்று எண்ணிக்கையை மட்டும் வைத்துத் திட்டமாகச் சொல்ல முடியாது. ஒரே ஓர் இடத்தில் உள்ள கோளாறால் வரும் நோய்க்கே இந்தக் கதி என்றால், சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் என்ன சொல்வது? அவற்றில் நூற்றுக்கணக்கான இடங்களின் சிறு சிறு பங்கு இருக்கிறது. சாப்பாடு, உழைப்பு, தூக்கம், கவலை இவற்றின் பங்கும் இருக்கிறது.

ஆனால் உலகத்தில் இன்று ஒரு புதிய வியாபாரம் கிளம்பி இருக்கிறது. "எச்சில் அனுப்புங்கள், உங்கள் பிள்ளைக்குப் பாட்டு வருமா, ஓட்டம் வருமா, கணக்கு வருமா என்று டி.என்.ஏ. பார்த்துச் சொல்கிறோம்" என்கிறார்கள். விஞ்ஞானத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கும் புதுவகை ஜோசியம் இது! காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள். பிள்ளைக்குப் பாட்டு வருமா என்று அறிய, பாட்டு சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். அதுவே சரியான பரீட்சை.

டாக்டர் ஒரு நோயைச் சந்தேகித்துச் செய்யச் சொல்லும் சோதனை வேறு. அதை அலட்சியம் செய்யக் கூடாது. சோதனைக்கு முன்பும் பின்பும் டாக்டரிடம் நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

இந்தியாவில் பல்வேறு சமூகங்களைச் சேர்ந்த 10 ஆயிரம் பேருடைய டி.என்.ஏ.யைப் படித்து முடித்துவிட்டதாக 2024-ல் மத்திய அரசு அறிவித்தது. 2025-ல் அந்த விவரம் ஆராய்ச்சிக்குத் திறந்து விடப்பட்டது. நல்ல காரியம். வெளிநாட்டார் உடம்பைப் பார்த்து எழுதிய கணக்கு நம் ஜனங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

ஆனால், டி.என்.ஏ. விவரம் என்பது ஒருவருடைய சொந்த விவரம் மட்டும் அல்ல. அவருடைய பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் ரகசியமும் அதில் இருக்கிறது. அது தவறானவர் கைக்குப் போனால் என்ன ஆகும்? வேலை கிடைக்காமல் போகலாம். இன்சூரன்ஸ் மறுக்கப்படலாம். கல்யாணம் நின்று போகலாம். அமெரிக்காவில் வேலையிலும் வைத்திய இன்சூரன்சிலும் இப்படிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று 2008-ல் சட்டம் செய்தார்கள். நம் நாட்டிலும் அது போல் தெளிவான சட்டம் வேண்டும். எழுத்துகளைப் படிக்கும் வேகத்தில் சட்டமும் வர வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "இந்தக் கணக்கு எல்லாம் எதற்கு? வாழ்க்கைக்கு உதவுமா?" என்று பிள்ளைகள் எதிரில் சொல்லாதீர்கள். "பெண் பிள்ளைக்குக் கணக்கு வேண்டாம்" என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். உஷ்ணத்தைப் பற்றி ஒரு தையல்காரர் மகன் போட்ட கணக்கு, 200 வருஷம் கழித்து மனித உடம்பின் கட்டளைகளைத் தேட உதவுகிறது. இன்று எந்தக் கணக்கு நாளை எதற்கு உதவும் என்று யார் கண்டார்கள்?

 பிள்ளைகளுக்கு விடுமுறை நாள் வரட்டும். மேலே சொன்ன ஒன்பது எழுத்துகளைத் தாளில் எழுதி, அவர்களையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடை 3, 0, 0 என்று வந்ததும் அவர்கள் முகத்தைப் பாருங்கள்.